கண் இமைக்கிறதுக்குள்ள பறந்துபோகும் உள்ளான்... கரிசல் கண்மாயில் தூரத்தில் இருந்து படம் பிடிப்பது எப்படி?

ஜனவரி மாதம், காலை ஆறரை மணி. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் ஏதோ ஒரு கண்மாய்க் கரை. வடகிழக்குப் பருவமழை கொஞ்சம் கைகொடுத்த வருஷம் என்றால் உள்வாயில் இன்னும் தண்ணீர் நிற்கும். நடுவில் நீலச்சிறகி வாத்துகள், ஓரத்தில் அரிவாள் மூக்கன்கள். கேமராவோடு போனவர் இதையெல்லாம் எடுத்துவிட்டு, கோரைப் புல் ஓரமாக ஒரு அடி வைக்கிறார். காலடியில் இருந்து 'க்ரீச்' என்று ஒரு சத்தம். பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று இடமும் வலமுமாக வளைந்து வளைந்து பறந்து மறைந்துவிடுகிறது. கேமராவில் பார்த்தால் வெறும் வானம்!

அதுதான் உள்ளான். ஆங்கிலத்தில் ஸ்னைப். மறைந்திருந்து சுடுபவரை 'ஸ்னைப்பர்' என்கிறோமே, அந்தச் சொல்லே இந்தப் பறவையிடம் இருந்து வந்ததுதான். 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தினர் உள்ளான் வேட்டைக்குப் போவதைக் குறித்த வார்த்தை, பிறகு போர்க்களத்துக்குப் போனது. அதைச் சுடுவது அவ்வளவு கஷ்டம். இப்போது வேட்டையாடினால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி குற்றம். ஆனால் கேமராவில் பிடிப்பதில் இருக்கும் கஷ்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பறக்கும்போது ஏன் எடுக்கணும்?

உட்கார்ந்திருக்கும்போது எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். அழகான படம் வேண்டும் என்றால் போதும். ஆனால் அது எந்த உள்ளான் என்று தெரிய வேண்டும் என்றால் போதாது.

குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கு முக்கியமாக இரண்டு வகை உள்ளான்கள் வருகின்றன. ஒன்று சாதாரண உள்ளான், இன்னொன்று ஊசிவால் உள்ளான். தரையில் உட்கார்ந்திருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியும். அனுபவம் உள்ளவர்களே தடுமாறுவார்கள். பறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். சாதாரண உள்ளானுக்கு இறக்கையின் பின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். இறக்கையின் அடிப்பகுதியிலும் வெளுப்பான பட்டை தெரியும். ஊசிவாலுக்கு அந்த வெள்ளைக் கோடு இருக்காது, அடி இறக்கை முழுக்க நெருக்கமான கரும்பட்டைகள். கால் விரல்கள் வாலுக்கு வெளியே கொஞ்சம் அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாலின் ஓரச் சிறகுகள் குண்டூசி மாதிரி மெலிந்திருக்கும், பெயரும் அதனால்தான்.

உள்ளானுக்கு மட்டும் இல்லை. கருவால் மூக்கனா, பட்டைவால் மூக்கனா என்பதைக்கூட பறக்கும்போது இறக்கையில் தெரியும் வெள்ளைப் பட்டைதான் சட்டென்று சொல்லிவிடும். ஆக, மங்கலாக இருந்தாலும் இறக்கை விரிந்த ஒரு படம், துல்லியமான பத்துப் படங்களைவிட உபயோகம்.

100 மீட்டரில் ஒரு பறவை எவ்வளவு பெரிசா தெரியும்?

600 மி.மீ. லென்ஸ் வாங்கிவிட்டால் எதையும் பக்கத்தில் இழுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். உள்ளான் இறக்கையை விரித்தால் சுமார் 45 செ.மீ. அது 100 மீட்டர் தூரத்தில் பறந்தால், 600 மி.மீ. லென்ஸ் வழியாக சென்சார் மேல் விழும் பிம்பம் வெறும் 2.7 மி.மீ. நம்மில் பலர் வைத்திருக்கும் சிறிய சென்சார் கேமராவில் (24 மெகாபிக்சல் என்று வைத்துக்கொள்வோம்) அது படத்தின் அகலத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. சுமார் 690 பிக்சல் கிடைக்கும். 200 மீட்டர் என்றால் அதில் பாதி. வெள்ளைக் கோடு இருக்கா, இல்லையா என்று பார்க்க இது போதும். ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்ட ஆசைப்பட்டால், தூரம் 50 மீட்டருக்குள் வர வேண்டும்.

இன்னொரு சிக்கல், 600 மி.மீ. லென்ஸ் காட்டும் உலகம் ரொம்பச் சிறியது. முழு அளவு சென்சாரில்கூட அகலவாக்கில் மூன்றரை டிகிரிக்கும் கொஞ்சம் குறைவு. ஏழு முழு நிலவை வரிசையாக வைத்தால் அவ்வளவுதான். சிறிய சென்சார் என்றால் அதைவிடவும் குறைவு. அதற்குள் வளைந்து வளைந்து பறக்கும் ஒரு பறவையைத் தேடணும். ஜூமைக் குறைத்து வைத்துப் பறவையைப் பிடித்துக்கொண்டு, பிறகு உள்ளே இழுப்பதுதான் வழி. பறவையில் இருந்து பார்வையை எடுக்காமல் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டு வரப் பழகணும். கேமராவைப் பார்த்துவிட்டு அப்புறம் பறவையைத் தேடினால் கதை முடிந்தது. வீட்டு மாடியில் காக்கையையும் புறாவையும் வைத்து இதைப் பழகலாம், காசா பணமா?

காற்றாலையைப் பாருங்க, பறவை எந்தப் பக்கம் போகும்னு தெரியும்

நிறைய பேர் கவனிக்காத விஷயம் இது. பறவைகள் பொதுவாகக் காற்றை எதிர்த்துத்தான் மேலே எழும்பும். விமானம் ஓடுபாதையில் கிளம்புவதும் அப்படித்தான். அப்படியென்றால் காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று தெரிந்தால், பறவை எந்தப் பக்கம் முகத்தைக் காட்டும் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

கரிசல் காட்டில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. கயத்தாறில் தொடங்கி இந்த வட்டாரம் முழுக்கக் காற்றாலைகள். அவற்றின் இறக்கைகள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றனவோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. மார்கழி, தையில் பெரும்பாலும் வடகிழக்கு வாடை. காலைச் சூரியனும் கிழக்கே. அதனால் கண்மாயின் கிழக்குப் பக்கம் இருந்தால், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், பறவை உங்களை நோக்கி. வெளிச்சம் இறக்கையிலும் முகத்திலும் நேராக விழும். சாயங்காலம் இந்தக் கணக்கு எடுபடாது. வெளிச்சத்துக்காக மேற்கே போனால் பறவை முதுகைக் காட்டிக்கொண்டு போகும்.

நிலம் கிழக்கே கடலைப் பார்த்துச் சரிவதால், இங்கே பல கண்மாய்களுக்குக் கரையும் கிழக்கிலேயே அமைந்திருக்கும். உட்கார வசதி. ஆனால் ஆழமான தண்ணீர் கரையை ஒட்டித்தான் நிற்கும். உள்ளானுக்குப் பிடித்த சேறும் கோரையும் எதிர்ப்பக்கம், மேற்கு ஓரத்தில். தூரம் கூடிவிடுகிறது, வேறு வழியில்லை! கரை மேல் நின்றால் வானத்தின் பின்னணியில் நம் உருவம் பறவைக்கு நன்றாகத் தெரியும். கரைச் சரிவில், கருவேல மரத்தையோ பனையையோ ஒட்டி உட்காருவது நல்லது.

ஒன்பது மணிக்கு மேல் கேமராவை மூடிடுங்க

கரிசல் மண் கறுப்பு. வெயிலைச் சீக்கிரம் உறிஞ்சிக் கொதிக்க ஆரம்பித்துவிடும். தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலே எழும்ப எழும்ப, அதன் வழியாக வரும் ஒளி வளைந்து நெளியும். நெடுஞ்சாலையில் தெரியும் கானல் இதுதான். தூரம் கூடக் கூட இதன் பாதிப்பும் கூடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சிறகுகள் எல்லாம் கரைந்துபோன மாதிரி இருக்கும். லென்ஸில்தான் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு.

ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா? ஆகாது. நெளிந்த பிம்பம் நெளிந்தபடியே உறைந்து நிற்கும், அவ்வளவுதான். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் இதற்கு மருந்து இல்லை. தூரத்துப் பனைமரம் ஒன்றைக் கேமரா திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். அதன் ஓரம் ஆடினால் அன்றைக்கு நீண்ட தூரப் படங்கள் முடிந்தன. வெயில் நாளில் ஒன்பது, ஒன்பதரைக்கே இந்த நிலை வந்துவிடும். ஏசி ஓடும் காரின் ஜன்னலில் லென்ஸை வைத்து எடுத்தாலும், உள்ளே குளிர்ந்த காற்றும் வெளியே வெப்பமும் கலந்து இதே பிரச்சினை வரும். ஏசியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள்.

கேமராவில் என்ன வைக்கணும்?

நாரை, கரண்டிவாயன் மாதிரிப் பெரிய பறவைகளுக்கு 1/1250 நொடி போதும். வாத்து, உள்ளானுக்கு 1/2500 அல்லது 1/3200. அப்பர்ச்சர் லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்குத் திறந்தே இருக்கட்டும். ஐஎஸ்ஓ 1600, 3200 போனாலும் கவலைப்படாதீர்கள். புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தை மென்பொருளில் ஓரளவு சரிசெய்யலாம், அசைந்துபோன படத்தை எதுவும் செய்ய முடியாது. ஃபோகஸ், பொருளைத் தொடர்ந்து போகும் முறையில் இருக்கணும். லென்ஸில் தூர வரம்பு வைக்கும் பொத்தான் இருந்தால், பக்கத்தில் இருக்கும் கோரையில் போய் ஃபோகஸ் சிக்காமல் இருக்க அதைப் பயன்படுத்துங்கள்.

வெளிச்ச அளவில் கேமரா ஏமாறும். வெளிறிய வானத்தின் முன் பழுப்புப் பறவை வந்தால் அதை வெறும் நிழலாக்கிவிடும், ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். கறுத்த கரையின் முன் வெள்ளைக் கொக்கு என்றால் தலைகீழ், குறைக்கணும்.

கையில் போன் மட்டும்தான் இருக்கிறதா? பைனாகுலரின் ஒரு கண்ணில் போன் கேமராவைப் பொருத்தி, ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். அதில் இருந்து இறக்கை விரிந்த ஒரு காட்சியைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். பரிசு கிடைக்காது, பறவையின் பெயர் கிடைக்கலாம்.

வசதி குறைவான காலத்திலும் இது நடந்திருக்கிறது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்ட கேமராவில், கறுப்பு வெள்ளையில் இந்தியக் காட்டுயிர்களை எடுத்தவர். ஸ்டேட்ஸ்மேன் நாளிதழில் 1950இல் தொடங்கி 1996இல் இறக்கும்வரை எழுதினார்.

கல் எறிந்து கிளப்பலாமா?

கூடாது. ஆனால் நடக்கிறது. இறக்கை விரிந்த படம் வேண்டும் என்பதால் கை தட்டுவது, கல் வீசுவது, சேற்றில் இறங்கி ஓட்டுவது எல்லாம் உண்டு. ஊசிவால் உள்ளான் ரஷ்யாவின் வடபகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. திரும்பிப் போக வேண்டிய கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது. கிளப்பும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் செலவாகும். அதுவும் மானாவாரி வட்டாரத்தில் கண்மாய் சுருங்கச் சுருங்க, ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போக இடமும் இருக்காது.

அதற்குப் பதிலாகக் காத்திருக்கலாம். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று கோரைக்கு மேல் தாழப் பறந்து வந்தால் போதும், வாத்து, உள்ளான் எல்லாம் தானாகவே எழும்பும். அதனால் பருந்து தெரிந்தவுடன் அதைத் துரத்தாமல், அதற்கு முன்னால் இருக்கும் தண்ணீரில் ஃபோகஸை வைத்துத் தயாராகுங்கள். விடியும் முன்பும் இருட்டும் நேரத்திலும் உள்ளான்கள் இரை தேடி இடம் மாறும். வெளிச்சம் குறைவுதான், ஆனாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை.

கூடு கட்டும் காலம் என்றால் கதை வேறு. கூட்டையோ முட்டையையோ கலைப்பதையும் 1972 சட்டம் 'வேட்டை' என்ற விளக்கத்துக்குள்தான் வைத்திருக்கிறது. கூந்தன்குளம், சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் மாதிரிச் சரணாலயங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடவும் கூடாது. ஊர்க் கண்மாயில் தடுக்க ஆள் இருக்காது, அதுவே ஆபத்து. உள்ளான் கூட்டம் இருக்கும் கண்மாயின் பெயரை அன்றைக்கே இன்ஸ்டாகிராமில் போட்டால், கேமராக்காரர்கள் மட்டும் வரமாட்டார்கள், வலைக்காரர்களும் வருவார்கள்.

எடுத்த படத்தை என்ன செய்வது?

தேதி, கண்மாய்ப் பெயர், எண்ணிக்கையோடு இபேர்ட் தளத்தில் ஏற்றலாம். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987 முதல் நடக்கிறது. தாமிரபரணிக் குளங்களில் 2011 முதல் ஏட்ரீ அமைப்பு தன்னார்வலர்களோடு தனியாகக் கணக்கெடுக்கிறது. பெரிய சரணாலயங்களைப் பற்றிப் பதிவுகள் ஏராளம். மழையை மட்டும் நம்பி நிற்கும் ஒரு கரிசல் கண்மாயில் எந்த உள்ளான் வந்தது என்பதை, அந்த ஊர்க்காரர் எடுத்த மங்கலான படம்தான் சொல்ல முடியும்.

கிளம்பும் முன் ஒன்று. மழை விட்ட மறுநாள் கரிசலில் பைக்கை இறக்கிவிடாதீர்கள், சக்கரத்தில் மண் அப்பி நகராது. ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடப்பதுதான் சரி. பிப்ரவரி கடைசியில் பல கண்மாய்களின் உள்வாய் வெடிப்பு விட ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு உள்ளானைத் தேட வேண்டும் என்றால், தெற்கே தாமிரபரணிப் பாசனக் குளங்கள் பக்கம்தான் போகணும்.