கணனிக் கலைச்சொற்கள்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு துறையின் கலைச்சொற்கள் அத்துறையின் வரலாற்றைத் தம்முள்ளே பொதிந்து வைத்திருப்பவை. கணனிச் செய்நிரலாக்கமும் இதற்கு விலக்கன்று. அல்கோரிதம், செய்நிரல், மாறி, தொகுப்பான், வழு என்னுஞ் சொற்களை மாணவர் பலர் வரைவிலக்கணங்களாக மனனஞ் செய்கின்றனர். ஆயின், இவை வரைவிலக்கணங்களாகப் பிறந்தவையல்ல. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் மனிதர் சிலர் செய்த ஒரு வேலைக்கு இட்ட பெயராகவே முதலில் வழங்கிற்று. வேலை பின்னர் மாறியது. பெயரோ மாறாது நின்றது. கற்போருக்கு நேரும் மயக்கம் பெரும்பாலும் இவ்விடைவெளியிலிருந்தே எழுகின்றது.

அல்கோரிதம் என்பது ஓர் ஆட்பெயரின் திரிபாகும். 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தாத்தில் வாழ்ந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மி, இந்திய எண்களைக் கொண்டு கணிக்கும் முறையை விளக்கி நூலொன்று இயற்றினார். 12ஆம் நூற்றாண்டில் அந்நூல் இலத்தீனிற் பெயர்க்கப்பட்டபோது அவர் பெயர் 'அல்கோரித்மி' என எழுதப்பட்டது. நாளடைவில் அப்பெயரே அவர் விளக்கிய கணிப்பு முறைக்கும் ஆகிவந்தது. இது தற்செயலன்று. ஒற்றைத் தானத்து இலக்கங்களைக் கூட்டுக. கூட்டுத்தொகை பத்தையோ அதற்கு மேலோ எய்தின், மிகுதியை எழுதி ஒன்றை அடுத்த தானத்துக்குக் கொண்டு செல்க என்னும் விதியைப் பின்பற்றுவோன் அதன் காரணத்தை அறிந்திருக்க வேண்டியதில்லை. படிகள் முடிவுள்ளவை, ஐயத்துக்கு இடந்தராதவை. காரணம் அறியாத மனிதனாற் செய்யக்கூடியதை அறிவேயற்ற பொறியும் செய்யலாம் என்ற கருத்தின் வித்து இங்கேயே உள்ளது.

அவ்வித்து முளைகொண்டது 19ஆம் நூற்றாண்டிலாகும். சார்ள்ஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்புப் பொறி பற்றி 1843இல் விரிவான குறிப்புகள் எழுதிய ஏடா லவ்லேஸ், பேணூலி எண்களைக் கணிப்பதற்கான படிகளை அட்டவணையாகத் தந்தார். ஒரே தொகுதிச் செயல்கள் மீண்டும் மீண்டும் நிகழ்வதை அவர் 'சுற்று' என்னும் பொருள்படும் சொல்லாற் குறித்தார். இன்று வளையம் எனப்படுவது இதுவே. ஆனால், அப்பொறி முற்றுப்பெறவில்லை.

1946இல் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வெளியிடப்பட்ட எனியாக் கணனியில் செய்நிரல் என்பது எழுத்தாக இருக்கவில்லை. வடங்களை இணைத்தலும் ஆளிகளைத் திருப்புதலுமே செய்நிரலாக்கமாயின. இவ்வேலையைச் செய்தோர் ஆறு பெண்கள். அதற்கு முன்னர் அவர்கள் பீரங்கிக் குண்டுகளின் செல்வழியைக் கையாற் கணித்தவர்கள். அவர்களது பதவிப் பெயரே 'கொம்பியூட்டர்' என்பதாகும். ஆளைக் குறித்த பெயர் பொறிக்குச் சென்றது. ஆட்களின் பெயர்களோ நெடுங்காலம் பரவலாக அறியப்படவில்லை. சொல்வரலாற்றை நோக்காதவிடத்து மறைந்துபோவது சொல்லின் பொருள் மட்டுமன்று என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

1948இல் மான்செஸ்ரரிலும் 1949இல் கேம்பிரிட்ஜிலும் இயங்கத் தொடங்கிய கணனிகளே செய்நிரலைத் தம் நினைவகத்தில் வைத்துக்கொண்டவை. அன்றுமுதல் செய்நிரல் எழுதப்படும் ஒன்றாயிற்று. நினைவகத்திலுள்ள ஓரிடத்துக்கு இடப்பட்ட பெயரே மாறி என்பதை உணர்ந்தால், தொடக்க மாணவரைத் திகைக்கவைக்கும் ஒரு சிக்கல் அவிழும். 'எக்ஸ் சமன் எக்ஸ் சக ஒன்று' என்பது இயற்கணிதத்திற் பொய். செய்நிரலில் அது கூற்றன்று, கட்டளை. எக்ஸ் எனும் இடத்திலுள்ள பெறுமானத்தோடு ஒன்றைக் கூட்டி, விடையை அவ்விடத்திலேயே வைக்க என்பது அதன் பொருள். இம்மயக்கத்தை நீக்கவே 1960இன் அல்கோல் மொழி இச்செயலுக்குச் சமன் குறியை விடுத்து, அதன் முன் முக்காற்புள்ளியிட்ட வேறொரு குறியை ஆண்டது.

கேம்பிரிட்ஜில் மொறிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர் முதலியோர் அடிக்கடி வேண்டப்படும் கணிப்புகளைத் துணைநிரல்களாக எழுதிக் காகித நாடாக்களிற் சேமித்துவைத்தனர். அச்சேமிப்பை நூலகம் என்றே வழங்கினர். அமெரிக்காவிலே கிறேஸ் ஹொப்பர் 1952 அளவில் உருவாக்கிய ஏ-0 என்னும் செய்நிரல், இத்தகைய நூலகத்திலிருந்து வேண்டிய துணைநிரல்களை எடுத்து ஒழுங்குபடுத்திக் கோத்தது. ஆகவே அதனைத் தொகுப்பான் என்றார். எட்டுத்தொகை நூலொன்றைத் தொகுத்தோன், தொகுத்தோன் என்ற வகையிற் செய்த பணி செய்யுள் பாடுதலன்று, பாடியவற்றைத் தேர்ந்து அடைவு செய்தலே. ஹொப்பரின் தொகுப்பானும் அத்தன்மையதே. 1957இல் ஜோன் பேக்கஸ் குழுவினர் போட்றான் மொழிக்கு ஆக்கிய தொகுப்பானோ, மனிதர் எழுதிய சூத்திரங்களைப் பொறிமொழிக்குப் பெயர்த்தது. பணி மொழிபெயர்ப்பாயிற்று; பெயர் தொகுப்பாகவே நிலைத்தது. தமிழ்ச்சொல்லை மட்டும் நோக்கி அதன் பணியை ஊகிக்கும் மாணவன் இடர்ப்படுவதில் வியப்பில்லை.

இறுதியாக வழு. ஆங்கிலத்தில் இதனைப் 'பூச்சி' என்பர். 1947இல் ஹாவார்ட் பல்கலைக்கழகக் கணனியொன்றினுள் விட்டிற்பூச்சி ஒன்று அகப்பட்டதனால் இப்பெயர் தோன்றிற்று எனப் பலரும் கூறுவர். அப்பூச்சியைப் பதிவேட்டில் ஒட்டிவைத்தமை உண்மையே. ஆயின், அதனருகே எழுதப்பட்ட குறிப்பு, மெய்யாகவே பூச்சியொன்று கண்டுபிடிக்கப்பட்ட முதல் நிகழ்ச்சி இது என்னும் நகைச்சுவையாகும். சொல் முன்னரே வழக்கில் இருந்தாலன்றி அந்நகை பொருள்படாது. தோமஸ் எடிசன் 1878இலேயே தம் கருவிகளின் குறைகளை இச்சொல்லாற் குறித்துள்ளார்.

இச்சொல்லின் குறை வேறொன்று. பூச்சி வெளியிலிருந்து தானே வந்து புகுவது; அதற்கு எவரும் பொறுப்பல்லர். இதனைக் கருதியே கணனியியல் அறிஞர் டைக்ஸ்ற்றா, 1988இல், அதனைப் பூச்சி என்னாது பிழை என்றே வழங்கவேண்டும் என வற்புறுத்தினார். பிழை இழைத்தவன் செய்நிரலை எழுதியவனே என்பது அவர் கருத்து. தமிழ் வழக்கு இங்கே நன்கு அமைந்துள்ளது. நன்னூலார் திணை, பால் முதலாக ஏழாக வகுத்த வழு, சொல்லுவோன்பால் நிகழ்வது, புறத்திருந்து புகுவதன்று. வழு என்று கூறும் மாணவன் அதனைத் தன் எழுத்திலேயே தேடுவான்.

எனவே, மூலச்சொல்லின் வடிவத்தைப் பெயர்ப்பது மட்டும் கலைச்சொல்லாக்கம் ஆகாது. அது குறித்த வேலையை அறிந்து ஆக்கிய சொல் கற்போனுக்குத் துணைநிற்கும். அவ்வாறு அமையாத சொற்களுக்கு வரலாற்று அறிவே துணையாதல் வேண்டும்.