இளவட்டக்கல்லும் நிலைக்கண்ணாடியும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் பெருவீதியில் புசல்லாவையை அடைவோர், தேயிலைச் சரிவுகளில் தலைக்கயிற்றிலே கூடை தொங்க நிரை பிடித்து ஏறும் பெண்களைக் காண்பர். இவ்வூருக்கும் பாரத்துக்கும் உள்ள உறவு பழையது. 1841ஆம் ஆண்டில் வேர்ம்ஸ் சகோதரர் இங்கே றொத்சைல்ட் தோட்டத்தைத் திறந்தனர். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, மூட்டை முடிச்சுகளுடன் மலையேறி வந்த தமிழகத்துத் தொழிலாளரின் வழித்தோன்றல்களே இன்றும் இச்சரிவுகளில் பாரஞ் சுமக்கின்றனர்.

இவ்வளவு தலைமுறையாகச் சுமந்தும் அவ்வுடல்கள் பருக்கவில்லை. கொழுந்துக் கூடையைச் சுமப்பவரும் உரமூட்டையைத் தோளில் ஏற்றுபவரும் பெரும்பாலும் மெலிந்த தேகத்தினரே. ஆனால் பட்டினத்துப் பயிற்சிக்கூடத்தில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மட்டும் இரும்பைத் தூக்கும் வாலிபனின் புயங்கள் ஓராண்டிற் பருத்துவிடுகின்றன. இது எதனால்? தசை பெருக வேண்டுமாயின் பளுதூக்குவோன் வழியிற் செல்வதா, ஆணழகன் போட்டிக்கு ஆயத்தஞ் செய்வோன் வழியிற் செல்வதா என்று இன்றைய வாலிபர் கேட்கின்றனர். அவ்வினாவுக்கு விடை காணுமுன் இந்த முதல் வினாவுக்கு விடை காணவேண்டும். இரண்டுக்குமுரிய விடை ஒரு நூற்றாண்டு வரலாற்றில் இருக்கிறது.

தென்பாண்டி நாட்டுக் கிராமங்களில் இளவட்டக்கல் என்றொரு கல் ஊர்ப்பொதுவிலே கிடக்கும். உருண்டு வழுவழுப்பாய், பற்றிக்கொள்ளப் பிடியின்றி இருக்கும் அக்கல்லை முழங்காலுக்கு ஏற்றி, மார்புக்கு ஏற்றி, தோளைக் கடத்திப் பின்னே எறிபவனே பெண் கேட்கத் தகுந்தவன் என்று முதியோர் சொல்வதுண்டு. அந்தச் சோதனையிலே நடுவர் கல்தான். தூக்குபவனின் மார்பு அகன்றதா, இடை சிறுத்ததா என்று எவரும் அளந்து பார்த்ததில்லை. கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி முதலிய நம் நாட்டுத் தேகாப்பியாசங்களும் இவ்வகையினவே. மல்லனுக்கும் சிலம்பக்காரனுக்கும் வேண்டிய பலத்தையும் மூச்சையும் தருவதே அவற்றின் நோக்கம். உடல் அழகு பெற்றால் அது மேலதிக வரவு.

இம்மரபின் இறுதிப் பேருருவம் எனத் தக்கவர் கோடி இராமமூர்த்தி நாயுடு. ஆந்திர நாட்டின் வீரகட்டத்திற் பிறந்து, சென்னை சைதாப்பேட்டையிலே தேகப்பயிற்சி ஆசிரியருக்கான கல்வி பெற்ற இவர், பின்னர் சொந்தமாகச் சர்க்கஸ் நடத்தினார். மார்பை விரித்து இரும்புச் சங்கிலியை அறுப்பதும், மார்பின்மேல் யானையை நிறுத்துவதும் இவருடைய காட்சிகள். சனங்கள் இவரைக் கலியுக பீமன் என அழைத்தனர். 1942இல் இவர் காலமானபோது, பலத்தைப் பார்க்கக் கூடிய கூட்டம் உடலைப் பார்க்கக் கூடும் கூட்டமாக மாறிக்கொண்டிருந்தது.

அம்மாற்றத்தைத் தொடக்கி வைத்தவர் ஓர் ஐரோப்பியர். கோனிக்ஸ்பேர்க் நகரிலே 1867இற் பிறந்த யூஜின் சாண்டோ முதலில் மேடைப் பலவானாகவே புகழ் பெற்றார். 1889இல் இலண்டன் அரங்கொன்றிலே சாம்சன் என்னும் பலவானை வென்றமை அவர் பெயரை நாடறியச் செய்தது. ஆயினும் அவர் தூக்கிய பாரத்தைக் காட்டிலும் அவருடைய உடலின் அமைப்பையே மக்கள் வியந்தனர். பழங் கிரேக்கச் சிலைகளின் அளவுகளைத் தம் உடலுக்கு இலக்காகக் கொண்ட அவர், புகைப்படங்களாலும் சஞ்சிகையாலும் அவ்விலக்கைப் பிறருக்கும் பரப்பினார். 1901ஆம் ஆண்டு செப்ரெம்பர் 14ஆந் தேதி இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்திலே அவர் நடத்திய போட்டியே பெரும் அரங்கில் நடந்த முதல் உடற்கட்டுப் போட்டியெனக் கொள்ளப்படுகிறது. நடுவராக அமர்ந்தோருள் ஒருவர் துப்பறியும் கதைகள் எழுதிய ஆதர் கொனன் டொயில் என்பது பலருக்கு வியப்பளிக்கும். அங்கே எவரும் பாரந் தூக்கி வெல்லவில்லை. உடலின் சமநிலை, தசையின் திண்மை, ஆரோக்கியம், தோலின் நிலை ஆகியவை பார்க்கப்பட்டன. கல் நடுவராயிருந்த இடத்திலே கண் நடுவராயிற்று.

1904, 1905ஆம் ஆண்டுகளில் சாண்டோ இந்தியாவிற் சுற்றுப்பயணஞ் செய்தார். அதன் அடையாளம் தமிழ்மொழியிலேயே தங்கிவிட்டது. கையில்லாத உள்ளாடையைச் ‘சாண்டோ பனியன்’ என்கிறோம். கோயம்புத்தூரிலே தேகப்பயிற்சியில் வளர்ந்து பின்னாளிற் படத் தயாரிப்பாளரான சின்னப்பா தேவருக்குச் சாண்டோ என்பது பட்டமாகவே அமைந்தது. தமிழகத்தையும் இலங்கையையும் சேர்ந்த எத்தனையோ வாலிபர் அப்பெயர் ஒரு மனிதருடையது என்பதை அறியாமலே அதைச் சொல்லி வந்தனர்.

பெங்களூரில் கே. வி. ஐயர் இவ்விரு மரபுகளையும் ஒன்றாக்க முயன்றார். மேனாட்டு இரும்புப் பளுவையும் சூரிய நமஸ்காரத்தையும் ஆசனங்களையும் ஒரே பயிற்சிக்கூடத்தில் வைத்துக் கற்பித்ததோடு, தபால் மூலமும் பாடம் நடத்தினார். கன்னடத்தில் நாவல்கள் எழுதிய இலக்கியவாதியும் அவரே. தசையைப் பேணுவோன் மூளையை மறந்தவன் என்னும் ஏளனத்துக்கு அவர் வாழ்க்கை ஒன்றே மறுமொழியாகும்.

இனி, சிறைவேலிக்குள் வளர்ந்த இருவரைப் பார்ப்போம். வங்காளத்தின் கொமிலாப் பகுதியிற் பிறந்த மனோகர் ஐச் 4 அடி 11 அங்குல உயரமே உள்ளவர். 1942இற் பிரித்தானிய விமானப் படையிற் சேர்ந்து, அங்கேயே ஆங்கில அதிகாரி ஒருவர் மூலம் பளுப் பயிற்சியை அறிந்தார். பின்னர், இந்தியரை இழிவுபடுத்திப் பேசிய வெள்ளை அதிகாரி ஒருவரின் கன்னத்தில் அறைந்தமைக்காகச் சிறைப்பட்டார். சிறையில் அவர் நாளின் பெரும்பகுதியையும் பயிற்சியிற் கழித்தார் என்பர். அவருடைய ஊக்கத்தைக் கண்ட சிறை அதிகாரிகள் சிறப்பு உணவுக்கும் ஏற்பாடு செய்தனர். விடுதலைக்குப்பின் இலண்டன் சென்று, 1951ஆம் ஆண்டு அண்ட ஆணழகன் போட்டியில் தம் உயரப் பிரிவில் இரண்டாமிடம் பெற்றார். அவ்வாண்டு அப்பிரிவில் வென்றவர் மற்றொரு வங்காளியான மனதோஷ் ராய். அடுத்த ஆண்டு, 1952இல், ஐச் வென்றார். சோறு, பருப்பு, மீன், பால், காய்கனிகள் என்பனவே அவர் தம் நலத்துக்குக் காரணமாகச் சொன்ன உணவு. புசல்லாவை வீட்டு அடுப்படியில் இல்லாத பொருள் அப்பட்டியலில் ஒன்றுமில்லை. இருப்பது போதிய அளவா என்பதே கேள்வி.

மற்றவர் ரொமி கோனோ. கலிபோர்னியாவில் 1930இல் ஜப்பானியக் குடும்பத்திற் பிறந்து, ஆஸ்துமாவால் வாடிய மெலிந்த சிறுவன். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சத்தினரை முள்வேலி முகாம்களில் அடைத்தபோது, அவன் குடும்பம் ரூல் லேக் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. உலர்ந்த பாலைக்காற்று மூச்சுக்கு இதமளித்தது. அயல் வாலிபர் பளுத்தூக்கலைக் கற்பித்தனர். அச்சிறுவன் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்ணிலும் ஒலிம்பிக் தங்கமும், 1960இல் றோமில் வெள்ளியும் வென்றான். நான்கு எடைப் பிரிவுகளில் உலக சாதனை நிலைநாட்டினான். இத்தனையும் செய்த அதே மனிதர் 1955, 1957, 1961ஆம் ஆண்டுகளில் மூன்று முறை அண்ட ஆணழகனாகவும் தெரிவு செய்யப்பட்டார் என்பதை இன்றைய இளைஞர் சிறிது நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். இவர் ஒருவர் மாத்திரம் விதிவிலக்கல்லர். 1936இற் பேர்லின் ஒலிம்பிக்கிற் பளுத்தூக்கிய ஜோன் கிறிமெக் 1948இல் இலண்டனில் அண்ட ஆணழகனானார். இரண்டும் வேறுவேறு வழிகள் என்னும் எண்ணமே அக்காலத்தில் வேரூன்றவில்லை.

இதே காலத்தில் முதல் வினாவுக்கு விடை ஒரு மருத்துவமனையிற் கிடைத்தது. போரில் முழங்கால் காயமுற்று, தொடை சூம்பிப்போய்த் திரும்பிய அமெரிக்கப் போர்வீரருக்கு, மெல்லிய பாரத்தை எண்ணற்ற முறை அசைக்கும் பயிற்சியே அதுவரை அளிக்கப்பட்டு வந்தது; குணம் மெதுவாகவே வந்தது. சிக்காகோவின் கார்டினர் இராணுவ மருத்துவமனையிற் பணியாற்றிய தோமஸ் டிலோர்ம் என்னும் இளம் மருத்துவர், தாமே பளுத்தூக்கி உடலைத் தேற்றியவர். அவர் வீரரின் காலில் இரும்புப் பாதணியைக் கட்டி, பத்து முறைக்குமேல் தூக்க இயலாத பாரத்தை வைத்து, பலம் ஏற ஏறப் பாரத்தையும் ஏற்றினார். தொடைகள் வியக்கத்தக்க விரைவிற் பருத்தன. 1945இல் அவர் இதனை வெளியிட்டார். படிப்படியாகப் பாரத்தை ஏற்றுதல் என்னும் அவ்விதியே இன்று உலகிலுள்ள எல்லாப் பயிற்சிக்கூடங்களுக்கும் அடித்தளம்.

கொழுந்துக் கூடை ஏன் தசையைப் பெருக்கவில்லை என்பது இப்போது விளங்கும். நேற்றைய கூடையின் பாரமே இன்றைய கூடையின் பாரம். உடல் அதற்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொண்டு அவ்விடத்தில் நின்றுவிடுகிறது. நாள் முழுவதும் ஏறியிறங்குவது மூச்சையும் தாங்குசக்தியையும் வளர்க்கும். தசையை வளர்க்க வேண்டிய உணவையோ அவ்வேலையே எரித்துவிடும். மாலையில் ரொட்டியும் சம்பலும் உண்டு உறங்கும் உடலுக்குக் கட்டியெழுப்பக் கல்லும் இல்லை, காரையும் இல்லை.

பின்னர் இரு வழிகளும் பிரிந்தன. உடற்கட்டுக்கென்று தனிச் சர்வதேசச் சம்மேளனம் ஒன்றை 1946இல் கனடாவின் வைடர் சகோதரர் தொடங்கினர். ஆணழகன் போட்டி பளுத்தூக்கும் போட்டியின் வால்போல் நடந்த காலம் மெல்ல முடிந்தது. பலத்தையே நாடுவோர் குந்தியெழுதல், படுத்தபடி தள்ளல், நிலத்திலிருந்து தூக்கல் ஆகிய மூன்றையும் வைத்துத் தனிப்போட்டி கண்டனர். அதற்கும் 1972இற் சர்வதேசச் சம்மேளனம் அமைந்தது. பிரிவினையைவிடப் பெரிய கேடு 1958இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டயனபோல் என்னும் மாத்திரையோடு நுழைந்தது. ஆண்மைச் சுரப்பைப் போலிசெய்யும் அம்மருந்தும் அதன் இனத்தவையும் ஈரலையும் இருதயத்தையும் தாக்கவல்லவை. அதன்பின் மேடையிலும் சுவரொட்டியிலும் காணும் உடல்களில் எது உணவாலும் உழைப்பாலும் ஆயது, எது ஊசியால் ஆயது என்று பார்ப்பவரால் பிரித்தறிய முடியாதாயிற்று. மாதச் சம்பளத்திற் பாதியைப் புரதமா டின்னுக்குக் கொடுக்கும் தோட்டத்து வாலிபன், பெரும்பாலும் அத்தகைய படமொன்றையே மனத்திற் கொண்டிருக்கிறான்.

இனி வாலிபரின் வினா. அண்மைக்கால ஆய்வுகள் பல ஒரு முடிவில் ஒத்துநிற்கின்றன. பெரும்பாரத்தைச் சில முறை தூக்குவதால் பலம் கூடுதலாகப் பெருகும். தசை பருப்பதற்கோ, பாரம் பெரிதாயினும் நடுத்தரமாயினும், இனித் தூக்க இயலாது என்னும் நிலையை அணுகும்வரை உழைத்தால் விளைவு ஏறத்தாழ ஒன்றே. தொடக்க வாரங்களிற் பெருகும் பலத்தின் பெரும்பகுதி நரம்புகள் வேலையைக் கற்றுக்கொள்வதால் வருவது; தசை பின்னரே தொடரும். ஆகையால் புதிதாய்த் தொடங்குவோன் முதல் ஓரிரு ஆண்டுகளுக்குத் தெரிவு செய்யவேண்டியது மிகச் சொற்பம். பெரிய தசைகளை ஒருங்கே இயக்கும் சில பயிற்சிகளைச் சரியான முறையிற் கற்று, வாரத்துக்கு வாரம் சிறிது பாரத்தை ஏற்றுவானாயின் இரண்டும் சேர்ந்தே வரும். எடையைக் கொப்பியில் எழுதி வைப்பதற்குப் பணம் வேண்டியதில்லை.

அதற்குப்பின் பிரிவு உண்மையே. மேடையை நாடுவோன் ஒவ்வொரு தசையையும் தனித்தனியே வருத்தி, போட்டி நெருங்குகையிற் கொழுப்பையும் சில வேளை நீரையும் குறைக்கிறான். ஆகவே காண்போர் கண்ணுக்கு மிகப் பலவானாகத் தோன்றும் அந்நாளிலே அவன் உள்ளபடி மிகச் சோர்ந்தவன். பளுத்தூக்குவோனுக்கு அந்நாளே பலத்தின் உச்சி. 2006ஆம் ஆண்டு மெல்பேர்ண் பொதுநலவாய விளையாட்டிலே 62 கிலோ பிரிவில் இலங்கைக்குத் தங்கம் ஈட்டிய சிந்தன விதானகே, சட்டை அணிந்து வீதியில் நடந்தால் பலர் திரும்பியும் பாரார்.

உணவில் மட்டும் இருவருக்கும் விலக்கில்லை. பயிற்சி செய்வோனுக்கு உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றில் ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் போதும் என்பது இன்றைய கணக்கு. 60 கிலோ எடையுள்ளவனுக்கு 96 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம். 100 கிராம் மைசூர்ப் பருப்பில் 24 கிராம் அளவில் உண்டு. நெத்தலிக் கருவாடு அதனினும் மிகுதி. டின்னிலுள்ளதும் பாலிலிருந்து எடுத்த புரதமேயன்றி வேறொன்றன்று. ஒரு டின்னின் விலைக்கு எத்தனை முட்டை, எத்தனை கிலோ பருப்பு என்று புசல்லாவைக் கடைத்தெருவிலே கணக்குப் பார்ப்பவன் ஏமாறமாட்டான். வீட்டிலே தாய்க்கும் தங்கைக்கும் கிட்டாத முட்டையைத் தான் மட்டும் உண்ணலாமா என்பது கணக்கில் அடங்காத வேறு கேள்வி. அதனையும் சில வாலிபர் கேட்டுக்கொள்ளாமலில்லை.

ரொமி கோனோ பின்னாளில் மெக்சிக்கோ, மேற்கு யேர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஒலிம்பிக் பளுத்தூக்கல் அணிகளைப் பயிற்றுவித்து, ஹவாயிற் குடியிருந்தார். மனோகர் ஐச் கல்கத்தாவிலே பயிற்சிக்கூடம் அமைத்து முதுமையிலும் இளைஞருக்குக் கற்பித்தார். 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 24இல் கோனோ தமது 85ஆம் வயதிற் காலமானார். நூறு வயதைக் கடந்திருந்த ஐச் ஆறு வாரங்களின் பின், ஜூன் 5ஆந் தேதி காலமானார்.