பெயர் மட்டும் கப்பலேறியது

ஆங்கிலச் செய்தியில் ஏதோ ஒரு நாட்டை 'பரையா' என்று சொல்லும்போதெல்லாம் எங்களுக்குச் சுருக்கென்கிறது. அது எங்கள் மக்களின் பெயர்.

தமிழில் 'பறை' மேளம் மட்டுமல்ல, சொல்லுதலும்தான். மலையாளிகள் இன்றும் சொல்வதற்குப் 'பறயுக' என்கிறார்கள். புறநானூறு பறையனைத் துடியனோடும் பாணனோடும் சேர்த்து ஒரு குடியாகவே எண்ணுகிறது. அங்கே இழிவு இல்லை.

போர்த்துக்கீசியர் வழியே ஐரோப்பா போன பெயர், அங்கே 'விலக்கப்பட்டவர்' என்ற பொதுச்சொல்லானது. 1821இல் பாரிஸில் அந்தத் தலைப்பிலேயே ஒரு நாடகம். மாக்ஸ் வேபர் யூதர்களை அப்படி வகைப்படுத்தினார். சமூகவியல் வகுப்பில் அதை நாங்களே மனப்பாடம் செய்து தேர்வெழுதினோம். வெள்ளைக்காரன் தெருநாய்க்கும் அதே பெயரை வைத்தான். எங்களை விலக்கியவர்களின் பெயர் எந்த மொழியிலும் வசைச்சொல் ஆகவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அந்தப் பெயரே பகைவர் சுமத்தியது என்று அயோத்திதாசர் மறுத்தார், பூர்வ பௌத்தர் என்றார். ரெட்டைமலை சீனிவாசனோ 1893இல் தொடங்கிய இதழுக்கே 'பறையன்' என்று பெயரிட்டார். நாங்கள் சீனிவாசன் பக்கம். பெயரை மாற்றிக்கொண்டு நாங்கள் ஏன் ஒதுங்க வேண்டும்? 'ஒதுக்கப்பட்ட நாடு' என்று சொல்லச் செய்தியாளர்களுக்கு வாய் வராதா என்ன?