சர்வேயரைத் தேடிப் போனவர்கள்

விண்வெளிக்கு மனிதர்கள் போகணுமா, ரோபோவே போதுமா? இந்தச் சண்டை ரொம்பப் பழசு. ஒரு பக்கம் செலவு, உயிர் ஆபத்து என்பார்கள். மறுபக்கம், மனிதனின் கண்ணுக்கும் கைக்கும் ஈடு உண்டா என்பார்கள். எனக்கென்னவோ கேள்வியே தப்பா கேட்கப்படுதுன்னு தோணும். ஏன்னு சொல்றேன்.

1967 ஏப்ரல் 20. சர்வேயர் 3 என்ற நாசாவின் ஆளில்லாக் கலம் நிலவில் புயல்களின் பெருங்கடல் பகுதியில் இறங்கியது. இறங்கியது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அணைய வேண்டிய எஞ்சின்கள் அணையவில்லை. இரண்டு முறை எம்பிக் குதித்து, மூன்றாவது முறைதான் ஒரு பள்ளத்தின் சரிவில் போய் உட்கார்ந்தது. அதில் ஒரு கேமராவும், மண்ணைத் தோண்ட ஒரு சிறு கரண்டியும் இருந்தன. நிலவில் முதன்முதலாகக் குழி தோண்டியது அந்தக் கரண்டிதான். மேலே நிற்பவனை விழுங்கிவிடும் அளவுக்கு அங்கே தூசி இருக்குமோ என்ற பயம் அந்தக் காலத்தில் சில விஞ்ஞானிகளுக்கு இருந்தது, இல்லையா? மண் தாங்கும் என்று சொன்னவை சர்வேயர் கலங்கள். சில வாரங்களில் நிலவின் நீண்ட இரவு வந்தது. அந்தக் குளிருக்குப் பிறகு சர்வேயர் 3 பேசவே இல்லை.

அது எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சர்வேயர் அனுப்பிய படங்களில் தெரிந்த பாறைகளையும் பள்ளங்களையும், லூனார் ஆர்பிட்டர் கலம் மேலிருந்து எடுத்த படத்தோடு ஒப்பிட்டு இடத்தைக் குறித்தார் யூவன் விட்டேக்கர் என்ற வானியலாளர். கண்ணை நம்பிச் செய்த வேலை!

அப்பல்லோ 11 குறித்த இடத்தைத் தாண்டி சுமார் 6 கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்கியிருந்தது. அடுத்த முறை குறி தவறக் கூடாது. அதற்கான இலக்காகத்தான் செத்துக்கிடந்த இந்த ரோபோவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1969 நவம்பர் 19 அன்று பீட் கான்ராடும் ஆலன் பீனும் அப்பல்லோ 12-இல் போய் இறங்கியபோது, சர்வேயர் சுமார் 160 மீட்டர் தூரத்தில் இருந்தது. மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் பயணத்துக்குப் பிறகு, நம்ம தெருமுனை தூரம்!

இரண்டாவது நடையில் அதன் அருகே போனார்கள். வெள்ளையாக அனுப்பிய கலம் இளம்பழுப்பாக இருந்தது. கேமராவையும் கரண்டியையும் சில குழாய், கம்பித் துண்டுகளையும் வெட்டி எடுத்தார்கள். டைமர் வைத்து இரண்டு பேரும் சேர்ந்து சர்வேயரோடு ரகசியமாகப் படம் எடுத்துக்கொள்ளவும் திட்டம் இருந்தது. பையில் டைமர் கைக்கு அகப்படவில்லை. பாவம்.

கேமராவில் பாக்டீரியா 31 மாதம் உயிரோடு இருந்தது என்று ஒரு செய்தி இன்றும் சுற்றுகிறது. பூமியில் பரிசோதித்தபோது ஒட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது பின்னர் ஆராய்ந்தவர்களின் கருத்து. நானும் அந்தப் பக்கம்தான்.

உண்மையான ஆச்சரியம் வேறு. திரும்பி வந்த பாகங்களில், அப்பல்லோ கலம் இறங்கிய திசையைப் பார்த்த பரப்புகள் மணல் வீசித் தேய்த்ததுபோல் வெளுத்திருந்தன. முன்னால் ஏதாவது மறைத்த இடங்களில் அதன் நிழல் அப்படியே பதிந்திருந்தது. நிலவில் காற்று இல்லை. எஞ்சின் கிளப்பிய தூசியைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. பார்க்க வந்தவர்களே 160 மீட்டருக்கு அப்பாலிருந்து அதைச் சுரண்டிவிட்டார்கள்! பூமியிலிருந்தபடி சர்வேயரிடம் கேட்டு இதைத் தெரிந்துகொண்டிருக்க முடியாது, அதுதான் எப்பவோ அணைஞ்சு போச்சே. அங்கே ஒரு சர்வேயர் காத்திருக்கவில்லை என்றால், போனவர்களுக்கும் இது தெரிந்திருக்காது. நிலவில் ஏற்கெனவே நிற்கும் கருவிகளுக்கு எவ்வளவு தள்ளி அடுத்த கலத்தை இறக்கலாம் என்று இன்று கணக்குப் போடுகிறவர்களும் அந்தத் துண்டுகளைத்தான் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள்.

கிளம்பும்போதே அப்பல்லோ 12-ஐ இரண்டு முறை மின்னல் தாக்கியது. அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசுவோம்.