அன்னத்தின் சிறகும் கரைவலைக் கயிறும்

ருஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவா அன்ன வேடம் பூண்டு நிற்கும் பழைய நிழற்படம் உலகெங்கும் புகழ் பெற்றது. வெண்சிறகு வேய்ந்த உடை, குழைந்து தாழ்ந்த கைகள், விரல் நுனியில் ஊன்றிய பாதம்: உடற்பாரமே அற்றவளோ இவள் என்று நாம் மயங்குகிறோம். அம்மயக்கத்தை உண்டாக்குவதே படத்தின் நோக்கம். பாவ்லோவாவின் படங்கள் பலவற்றில் பாதணியின் நுனி உண்மையில் இருந்ததைவிட மெலிந்து தோன்றுமாறு திருத்தப்பட்டது என்பது பாலே வரலாறு அறிந்தோர் நன்கறிந்த செய்தி. உடலைத் தாங்கி நின்ற அகன்ற நுனி மறைக்கப்பட்டது; அதனோடு உழைப்பும் மறைந்தது.

அந்த உழைப்பின் கதையைச் சற்றே நோக்குவோம். 1881இல் பிறந்த பாவ்லோவாவின் தாய் ஒரு சலவைத் தொழிலாளி. 1891இல் பீட்டர்ஸ்பர்க் அரச நடனப் பள்ளியில் சேர்ந்த அவ்வேழைச் சிறுமி, கடும் பயிற்சிக்குப் பின் 1899இல் மேடையேறினாள். 1905ஆம் ஆண்டுப் புரட்சி ருஷ்யாவை உலுக்கியபோது அரச அரங்கின் ஆடற்கலைஞரும் தம் உரிமைகளைக் கேட்டு எழுந்தனர். அவர்களின் முன்னணியில் ஃபோக்கினும் கர்சாவினாவும் பாவ்லோவாவும் நின்றனர். தோழரைக் கைவிட்டு விசுவாசப் பத்திரத்தில் கையொப்பமிட்ட செர்கேய் லெகாட் என்னும் கலைஞர், மனம் நைந்து தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அன்னத்தின் ஆடலை அமைத்தவர் அதே மிஷேல் ஃபோக்கின் என்பதை நினைத்தால், வெண்சிறகுக்குப் பின்னால் ஒரு கூலிப் போராட்டமும் தெரியும். படம் அதைச் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

இந்த அன்னத்தின் நிழல் தமிழகத்திலும் விழுந்தது. பாவ்லோவாவிடம் ஈடுபாடு கொண்டு பாலே பயின்ற ருக்மிணி தேவி, அவருடைய ஊக்கத்தால் தம் நாட்டு ஆடலை நாடினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935இல் அடையாறில் அரங்கேறினார். 1936இல் கலாக்ஷேத்திரம் பிறந்தது. புதிய உடையும் புதிய மேடையும் சதிருக்குப் பரதநாட்டியம் என்ற மதிப்பைத் தந்தன. எனினும், அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த தேவதாசிக் குலப் பெண்களிற் பெரும்பாலோர் அம்மேடையின் ஒளிவட்டத்துக்கு வெளியிலேயே நின்றனர். கலை உயர்ந்தது, கலையைக் காத்தவர் உயர்ந்தனரா?

இக்கேள்வியோடு புத்தளக் கரையோரத்துக்கு வருவோம். உடப்பில் கரைவலை இழுப்போர் கயிற்றைப் பற்றி, அம்பாப் பாடலின் தாளத்துக்கு ஒருங்கே சாய்ந்து நிமிர்கின்றனர். அவர்களின் கால்கள் மணலில் புதைகின்றன. தோள்கள் ஒன்றாய் அசைகின்றன. ஆடி மாதத்தில் திரௌபதை அம்மன் கோயிலில் அவ்வூரார் தீ மிதிக்கின்றனர். புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில், அந்நிய ஆட்சியாளரால் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் மஞ்சா பாடி ஆடுகின்றனர். அப்பாடல்களில் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியின் எச்சம் இன்றும் வாழ்கிறது.

கரையோர மக்களின் வாழ்வு மேடைக்கு வராமலும் இல்லை. கதகளியைக் கேரளத்திலும் பின்னர் சாந்திநிகேதனத்திலும் பயின்ற சித்ரசேன, 1961இல் 'கரதிய' என்னும் பாலேயை அமைத்து மீனவர் வாழ்வை நடனமாக்கினார். உப்பு நீர் என்பது அப்பெயரின் பொருள். அரசகுமாரரும் அன்னங்களும் உலவிய மேடையில் வலைஞர் வந்து நின்றது சிறிய மாற்றமன்று.

ஆயினும் நிழற்படத்தின் நீதி வேறாகவே இருந்தது. பாவ்லோவாவின் படத்தடியில் அவர் பெயர் இருக்கிறது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இலங்கையில் விற்ற அஞ்சலட்டைகளிலோ, முழு ஆடை அணியோடு நிற்கும் ஆடற்கலைஞரின் கீழ் 'பேயாட்டக்காரர்', 'கண்டி நடனக்காரர்' என்ற பொதுச்சொல்லே அச்சாகியது. ஒருவர் கலைஞராய் நிலைத்தார். மற்றவர் காட்சிப்பொருளாய்ச் சுருங்கினர். ஒளியைப் பதித்த கருவி ஒன்றே. பெயரை எழுதிய கைதான் பேதம் செய்தது.

பாவ்லோவாவின் படத்தை வெறுக்குமாறு நாம் கூறவில்லை. சலவைத் தொழிலாளியின் மகள் தன் உடலை வருத்தி ஈட்டிய அழகு அது. உழைக்கும் மக்கள் அதைத் தமதென்றே கொள்ளலாம். அதே உரிமை நம் கரையோர மக்களுக்கும் வேண்டும் என்பதே நம் வாதம். அம்பாப் பாடுவோரையும் மஞ்சா ஆடுவோரையும் இன்று படம்பிடிப்போர் பலர். பிடிக்கும் ஒவ்வொரு படத்தின் கீழும் அம்மனிதரின் பெயரை, ஊரை, அவர் செய்யும் தொழிலை, அவர் இசைவோடு எழுதிவைப்பது பெருஞ்செலவுள்ள காரியமன்று. அது செய்யப்படாவிடின், கலை எஞ்சும். கலைஞன் மீண்டும் மறைக்கப்படுவான். மக்கள் வரலாறு எழுத விழைவோர் முதலில் எழுத வேண்டியது மக்களின் பெயர்களையே.