கங்கைகொண்ட சோழபுரம்: கோயில் இருக்கிறது, மதில் எங்கே?

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றித் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் அநேகமாக இருக்க மாட்டார்கள். அதே பெயரில், அதே சாயலில் இன்னொரு பிரகதீஸ்வரர் கோயில் அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் போகிறவர்களில் பாதிப் பேர் "தஞ்சாவூர் மாதிரியேதான், கொஞ்சம் சின்னது" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். இது அநியாயம்!

இந்தக் கோயிலைக் கட்டியவன் இராஜராஜனின் மகன் முதலாம் இராஜேந்திரன். 1014 முதல் 1044 வரை ஆண்டவன். 1022-23 வாக்கில் அவனுடைய படை கலிங்கம் வழியாக வங்காளம் வரை போய், பாலர் வம்சத்து மகிபாலனை வென்று, கங்கை நீரோடு திரும்பியது. அந்த வெற்றிதான் ஊர்ப் பெயரில் இருக்கிறது. கங்கையைக் கொண்ட சோழனின் புரம்.

அப்பா அவ்வளவு பெரிய கோயிலைக் கட்டி வைத்த தஞ்சாவூரை விட்டு ஏன் வர வேண்டும்? காரணத்தை இராஜேந்திரன் எங்கும் எழுதி வைக்கவில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே தலைநகர் இருந்தால் வடக்கு நோக்கிப் படை நடத்துவது எளிது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு காரணம். டெல்டாவின் நல்ல வயல்களை நகரமாக்கி வீணாக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம் என்பது இன்னொன்று. இரண்டுமே ஊகம்தான். ஆனால் அவன் கொண்டு வந்த கங்கை நீர் என்ன ஆயிற்று என்பது தெரியும். சோழகங்கம் என்று ஒரு பெரிய ஏரி வெட்டி, அதில் அந்த நீரை விட்டான். மற்ற ராஜாக்கள் வெற்றிக்குக் கல்லில் தூண் நட்டார்கள். இவன் நட்டது நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்த ஏரிக்கு இப்போது பொன்னேரி என்று பெயர்.

சரி, கோயிலுக்குள் போவோம். தஞ்சை விமானத்தில் 13 நிலைகள், இங்கே 9. உயரமும் சில மீட்டர் குறைவு. அப்பாவை மிஞ்சக் கூடாது என்ற மரியாதையில் மகன் குறைத்துக்கொண்டான் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. உயரத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும். தஞ்சை விமானம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக மேலே போகிறது. இங்கே அடியில் சதுரமாகத் தொடங்கி, மேலே போகப் போக மூலைகள் உள்ளடங்கி, விளிம்புக் கோடு லேசாக உள்பக்கம் வளைந்து ஏறுகிறது. தஞ்சையில் கம்பீரம் என்றால் இங்கே நளினம். கட்டிடம் கட்டத் தெரிந்த ஒரு தலைமுறை, முன்னால் செய்ததை அப்படியே திரும்பச் செய்யாமல் யோசித்து மாற்றியிருக்கிறது. இதைக் 'காப்பி' என்று எப்படிச் சொல்ல முடியும்?

கருவறையில் உள்ள லிங்கம் சுமார் 4 மீட்டர் உயரம். ஐப்பசிப் பௌர்ணமி அன்று இந்த லிங்கம் முழுவதையும் சோற்றால் மூடி அன்னாபிஷேகம் செய்வதைப் பார்க்க ஊர் ஊராக மக்கள் வருவார்கள். வெளியே இருக்கும் பெரிய நந்தி ஒரே கல்லில் செதுக்கியது இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது.

இந்தக் கோயிலில் ஒரே ஒரு சிற்பம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், வடக்கு வாசல் படிக்கட்டுக்குப் பக்கத்தில் உள்ள சண்டேச அனுக்ரக மூர்த்தியைப் பார்க்க வேண்டும். சிவன் உட்கார்ந்திருக்கிறார், அருகில் பார்வதி. கீழே கைகூப்பி அமர்ந்திருக்கும் சண்டேசரின் தலையில் சிவன் தன் கையால் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். புராணப்படி இது சண்டேச நாயனார் கதை. ஆனால் அந்தப் பணிந்த முகம் இராஜேந்திரனையே குறிக்கிறது, கடவுளே அவனுக்கு முடிசூட்டுகிறார் என்று பலர் சொல்கிறார்கள். அது உண்மையோ இல்லையோ, கடல் தாண்டிக் கடாரம் வரை படை அனுப்பிய ஒருவன் தன் கோயிலில் இவ்வளவு அடக்கமான ஒரு முகத்துக்கு இடம் கொடுத்திருக்கிறான்.

இன்னொரு ஆச்சரியம் கல்வெட்டுகள். தஞ்சைக் கோயில் சுவரில் இராஜராஜன் கொடுத்த நகைகளின் எடை முதல் 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் வரை எல்லாம் வெட்டப்பட்டிருக்கிறது. இங்கே இராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்றுகூட இல்லை. கிடைத்ததில் பழையது அவன் மகன் வீரராஜேந்திரன் காலத்தது.

ஏறத்தாழ 250 வருடம் இந்த ஊர் சோழர் தலைநகராக இருந்தது. பிறகு பாண்டியர் கை ஓங்கியது. 1279ல் மூன்றாம் இராஜேந்திரனோடு சோழ வம்சமே முடிந்தது. நகரம் சிறுகச் சிறுகக் கிராமமாகச் சுருங்கியது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் 1980களில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் சுவர்களின் அடிப்பகுதி, கூரை ஓடுகள், சீனப் பீங்கான் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. மேலே இருந்த செங்கல்லை ஊர்க்காரர்கள் எப்போதோ வீடு கட்ட எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஊர்ப் பெயர்கள்தான். உட்கோட்டை, ஆயுதக்களம், சுண்ணாம்புக்குழி... பெயரைச் சொன்னாலே அங்கே என்ன இருந்தது என்று தெரிந்துவிடும்.

கோயிலுக்குப் பெரிய அடி விழுந்தது 1836ல். அடித்தது எதிரி ராஜா இல்லை, கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கம். தெற்கே கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்ட ஆரம்பித்தார்கள். நிறையக் கருங்கல் தேவைப்பட்டது. மலை எதுவும் பக்கத்தில் இல்லை, கோயில் இருந்தது! சுற்று மதிலை ஏறக்குறைய முழுவதும் பிரித்து வண்டி வண்டியாகக் கொண்டு போனார்கள். கோயிலில் இருந்த சிற்பக் கற்களும் அதோடு போயின. ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை, தடுத்துப் பார்த்தார்கள். அதிகாரிகளை மதிக்கவில்லை என்று அவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று ஒரு வாக்குறுதியும் கொடுக்கப்பட்டது. 1855ல் இதைப் பற்றி எழுதியவர், அந்த வாக்குறுதி அதுவரை நிறைவேறவில்லை என்பதையும் சேர்த்தே பதிவு செய்தார்.

கீழணையைத் திட்டுவதும் அவ்வளவு சுலபம் இல்லை. கொள்ளிடத்தில் ஓடி வீணாகக் கடலுக்குப் போன தண்ணீரை அதுதான் வீராணம் ஏரிக்கும் சிதம்பரம் பக்கத்து வயல்களுக்கும் திருப்பிவிட்டது. அந்த வீராணம் ஏரியும் சோழர்கள் வெட்டியதுதான். ஒரு சோழர் ஏரிக்குத் தண்ணீர் போக ஒரு சோழர் கோயிலின் மதில் உடைந்தது. அணை தேவைதான். ஆனால் கல்லை வேறு இடத்திலிருந்து கொண்டு வந்தால் செலவு கூடியிருக்கும், அவ்வளவுதானே? அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் 800 வருட மதில் போனது.

2004ல் யுனெஸ்கோ இந்தக் கோயிலையும் தாராசுரத்தையும் தஞ்சாவூரோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இப்போது புல்வெளி எல்லாம் போட்டு அழகாக வைத்திருக்கிறார்கள். கிழக்கு வாசலில் கோபுரம் இல்லை, அதன் அடிப்பகுதி மட்டும் இருக்கிறது. மதிலை ஒட்டி இருந்த திருச்சுற்று மாளிகையும் அங்கங்கே கொஞ்சம்தான் மிச்சம். மீதிக் கற்கள் ஆனைக்கரையில் இருக்கின்றன. கும்பகோணம் போகும் வழியில் கொள்ளிடத்தைத் தாண்டுகிறவர்கள் அந்த அணையைப் பார்க்கலாம்.