பத்து சென்ட் படக்கதை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், 1956இல், கறுப்பின இளைஞர் ஜான் லூயிஸ் தம் பதினாறாம் அகவையில் பொது நூலகத்தில் உறுப்பினர் அட்டை கேட்டார். நூலகம் வெள்ளையர்க்கே உரியது என மறுத்தனர்.

பின்னாளில் அவர் கைக்கு எட்டியது, 1957இல் வெளிவந்த பத்து சென்ட் விலையுள்ள ஒரு படக்கதை. மாண்ட்கோமெரி நகரத்துக் கறுப்பின மக்கள் நிறவேற்றுமையை எதிர்த்து 381 நாள்கள் பேருந்தைப் புறக்கணித்து வென்றதை அது கூறிற்று, காந்தியடிகளையும் எடுத்துக்காட்டிற்று. அவ்வடிகள் ஐயம் தெளிய நாடியவர் சமணப் பெரியார் ஸ்ரீமத் ராஜசந்திரர் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். படக்கதை படிப்பாகாது என்போர் உளர். அந்நூலோ, பகைவரை வெறாதிருக்கும் பயிற்சியையே படிப்படியாகக் கற்பித்தது.

லூயிஸ் தம் போராட்ட வாழ்வையும் பிறர் துணையுடன் படக்கதையாகவே ஆக்கினார். ‘மார்ச்’ எனும் அதன் மூன்றாம் தொகுதி 2016இல் இளையோர் இலக்கியத்துக்கான அமெரிக்கத் தேசிய நூல் விருது பெற்றது. மறுத்த நூலகம் 1998இலேயே அவருக்கு அட்டை வழங்கிவிட்டது.